சக்கையில் சிக்கிய சக்தி



இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு சர்க்கரை ஆலைக்குப் போயிருந்தோம். கரும்பைப் பிழிந்த சக்கை கன்வேயரில் ஏறி பாய்லருக்குப் போகிறது. அந்தச் சக்கைதான் அங்கே விறகு. ஆலைக்கு வேண்டிய நீராவியும் கரண்டும் அதிலிருந்துதான் வருகிறது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றபோதே, சக்கை இறங்குகிற சூட்டில் அடைப்பு! ஒரு அண்ணன் நீளமான இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். குத்தினார், தட்டினார், யாரையோ திட்டினார். பத்து நிமிஷம் கழித்துச் சக்கை பொத்தென்று இறங்கியது. "தம்பி, இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்காது" என்று சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது நிஜம். ஆனால் அது நம் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால், வைக்கோலையும் சக்கையையும் எரிபொருளாக்கும் உலகளாவிய ஆராய்ச்சி பல இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்பது அந்தக் கம்பிக்காரர் நின்ற அதே இடத்தில்தான்.

முதலில் வைக்கோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சிவில் நண்பர்களுக்குச் சுலபமாகப் புரியும். செல்லுலோஸ்தான் கம்பி. ஹெமிசெல்லுலோஸ் கட்டுக்கம்பி. லிக்னின் கான்கிரீட். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலிகள். காய்ந்த வைக்கோலின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் இவைதான். கான்கிரீட்டை உடைத்து, கம்பியை அறுத்து, சர்க்கரையைப் பிரித்தெடுத்துப் புளிக்க வைத்தால் எத்தனால். காற்றைக் குறைத்துச் சூடேற்றினால் எரிவாயு. கேட்க எவ்வளவு எளிது!

இந்த வேதியியல் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் குவாக்கர் ஓட்ஸ் கம்பெனி 1922-லேயே ஓட்ஸ் உமியிலிருந்து பர்ஃபுரால் என்ற ரசாயனத்தை வியாபார ரீதியில் தயாரித்தது. இன்றைக்கும் பர்ஃபுரால் மக்காச்சோளக் கட்டை, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்துதான் வருகிறது. பவுண்டரியில் மணல் அச்சுக்குக் கலக்கும் ஃபியூரான் ரெசினுக்கு மூலம் அதுதான். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் ராணுவக் கூடாரங்களை அரித்துத் தின்ற ஒரு பூஞ்சைதான், இன்று செல்லுலோஸை அறுக்கும் என்சைமைத் தருகிற டிரைக்கோடெர்மா. அதே போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து கொடுத்தது. கரி கேஸில் பஸ் ஓடிய கதையை நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

அப்படியானால் இத்தனை வருஷத்தில் ஊருக்கு ஊர் வைக்கோல் பெட்ரோல் பங்க் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே!

அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி அயோவா மாநிலத்தில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க மாபெரும் ஆலை கட்டி 2015-ல் திறந்தது. 2017-ல் கைகழுவிவிட்டது. கன்சாஸில் அபெங்கோவா ஆலை 2014-ல் திறந்து அடுத்த ஆண்டே நின்றது. பணமுடை, எண்ணெய் விலைச் சரிவு, கம்பெனி இணைப்பு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் இதுபோன்ற முன்னோடி ஆலைகள் தடுமாறியதற்கு அமெரிக்க எரிசக்தித் துறை அடையாளம் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, தாவரக் கழிவை இயந்திரத்துக்குள் ஒழுங்காகச் செலுத்த முடியாமை. அடைப்பு! திடப்பொருளைக் கையாளும் ஆலைகள், திரவத்தைக் கையாளும் ஆலைகள் அளவுக்குச் சீராக ஓடுவதில்லை என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு 1980-களிலேயே எச்சரித்திருந்தது.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. பெட்ரோல் பம்பில் ஓடும், வைக்கோல் ஓடாது. வளையும், பின்னும், பாலம் கட்டி ஹாப்பரில் தொங்கும். நேற்று காய்ந்தது, இன்று மழையில் ஈரம். கூடவே மண், கல், கயிறு. அதிலும் நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். கட்டர் பிளேடையும் ஸ்க்ரூவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும்.

நம் நாட்டுக் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திட்டப்படி ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் உள்ளே, 3 கோடி லிட்டர் எத்தனால் வெளியே. லாரிக்கு 10 டன் என்று வைத்தால் தினமும் 55 லாரி வர வேண்டும். ஆனால் வைக்கோல் தினமுமா கிடைக்கிறது? நெல் அறுத்துக் கோதுமை விதைக்கும் இடைவெளி சில வாரம்தான். வருஷச் சரக்கை ஒரே மாதத்தில் சேர்க்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 660 லாரிக்கு மேல்! கட்ட, ஏற்ற, அடுக்க, மழையிலிருந்தும் தீயிலிருந்தும் காக்க ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும். அவகாசம் இல்லாத விவசாயி தீக்குச்சியைக் கிழிக்கிறார். அவரைத் திட்டி என்ன புண்ணியம்?

2025-ல் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. பெருமைதான். ஆனால் அந்த எத்தனால் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வந்தது. வைக்கோல் கொடுத்தது மிகச் சொற்பம். வயிற்றுக்குப் போகக்கூடியதை வண்டிக்கு ஊற்றிவிட்டு, வண்டிக்குப் போகக்கூடியதை வயலில் கொளுத்துகிறோம். இது என்ன நியாயம்?

"டெல்டாவில் வைக்கோல் மாட்டுக்கு வேணும்ப்பா" என்று ஒரு நண்பன் சொன்னான். சரியான பேச்சு. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கும் திட்டம் எனக்கும் வேண்டாம். எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கிடையாது. வயலிலேயே கொளுத்தப்படும் கரும்புத் தோகை இருக்கிறது. ரைஸ் மில் உமி இருக்கிறது. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போலவே எரிவாயு எடுக்கிறார்கள். அந்தந்த ஊரில் எது வீணாகிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். என்சைமைச் சீராக்க டாக்டர் பட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரூ ஏன் அடைக்கிறது என்று பார்க்க யார் இருக்கிறார்கள்? நாம்தான். "டிப்ளமோதானே" என்று நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்கிறோமே, அந்த டிப்ளமோ கைதான் இங்கே தேவை. மெக்கானிக்கல் பசங்க ஹாப்பரின் சரிவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அடைப்பு வரும் முன்பே மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறுகிறதா என்று டிரிபிள் ஈ நண்பர்கள் அளக்கலாம். ஏறினால் மணி அடிக்கச் செய்யலாம். சிவில்காரர்கள் மழை நிற்காத வைக்கோல் மேடை கட்டலாம். ஒவ்வொன்றும் ஒரு வருஷ புராஜெக்ட்.

ஆனால் நாம் செய்வது என்ன? மனசாட்சியோடு பேசுவோம். வைவாவுக்கு முந்தின வாரம் காசு கொடுத்து ரெடிமேட் மாடல் வாங்கி, பெயிண்ட் அடித்து, நம் பேரை ஒட்டுகிறோம். நானும் அந்தக் கடை வாசல் வரை போனவன்தான். கம்பியோடு நின்ற அந்த அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது, திரும்பிவிட்டேன். இந்த வருஷம் எங்கள் பேட்ச் நாலு பேர் சேர்ந்து பழைய தகரத்தில் ஒரு ஹாப்பர் வெல்டிங் பண்ணி, சக்கை போட்டுப் பார்த்தோம். முதல் நாளே அடைத்துக்கொண்டது. ரெண்டாவது நாளும் அடைத்தது. ஆனால் எங்கே அடைக்கிறது என்று தெரிந்துவிட்டது. மூணு வருஷப் படிப்பில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான்.

நண்பர்களே, சக்கையில் சக்தி இருக்கிறது. அது வெளியே வர முடியாமல் சூட்டில் சிக்கிக்கொண்டிருக்கிறது. வெறும் கம்பியால் குத்துவதோடு நிற்காமல், இனிக் கம்பியே தேவைப்படாத ஒரு சூட் செய்து கொடுப்போம். அந்த அண்ணன் கொஞ்சம் உட்கார்ந்து டீ குடிக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை