ஓதுவதும் படிப்பதும்

முஸ்லிம்கள் வழங்கும் தமிழில் இரு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன. திருக்குர்ஆனை நாம் ஓதுகிறோம். ஏனைய நூல்களைப் படிக்கிறோம். 'பிள்ளை ஓதப் போயிருக்கிறான்' என்றால் அவன் உஸ்தாதின் முன் அமர்ந்திருக்கிறான் என்பது பொருள். 'படிக்கப் போயிருக்கிறான்' என்றால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்பது பொருள். சைவப் பெருமக்களிடத்தும் இவ்வழக்கு உண்டு. கோயிலில் தேவாரம் இசைப்போர்க்கு ஓதுவார் என்றே பெயர். எழுத்தறியாத மூதாட்டியரும் பிழையின்றிக் காத்துவரும் இவ்வேறுபாட்டை, கல்வித் துறையை ஆளுவோரில் சிலர் மறந்துவிட்டனர், அல்லது மறந்ததுபோல் நடிக்கின்றனர்.

2022 மார்ச்சில் குஜராத் அரசு, 6 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரை பகவத் கீதையைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் போவதாக அறிவித்தது. பாடநூலில் இடம்பெறுவதோடு அது நிற்கவில்லை. பள்ளியின் இறைவணக்க நிகழ்ச்சியிலும் கீதை இடம்பெறும், சுலோகப் போட்டிகள் நடைபெறும் என்றும் கூறப்பட்டது. பாடநூலில் இருக்கும்வரை அது படிப்பாக இருத்தல் கூடும். இறைவணக்கத்துக்கு வந்தவுடன் அது ஓதுதலாகிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டைப் பற்றியதே நம் வாதம்.

கீதையின்மீது நமக்கு யாதொரு காழ்ப்புமில்லை. கோடிக்கணக்கான நம் நாட்டவர் நெஞ்சில் வைத்துப் போற்றும் நூலை இகழ்வது முஸ்லிமின் பண்பன்று. அதைக் கற்க விரும்பும் மாணவனுக்கு அதன் வாயில் திறந்திருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அரசின் பணத்தில் நடக்கும் பள்ளியில், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் கூடி நிற்கும் முற்றத்தில், ஒரு சமயத்தாரின் வேதத்தை எல்லோர் வாயிலும் ஏற்றலாமா என்பதே நம் வினா.

அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்விக் கூடத்தில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவித் தொகையோ பெறும் பள்ளிகளிலும், பெற்றோர் இசைவின்றி எந்தச் சிறாரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்தல் ஆகாது. இப்பிரிவு செத்த எழுத்தன்று. அஸ்ஸாமில் அரசு நடத்திவந்த மதரஸாக்களைப் பொதுப் பள்ளிகளாக மாற்ற 2020 இல் சட்டம் இயற்றப்பட்டது. அரசுப் பணத்தில் சமய போதனை கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2022 பிப்ரவரி 4 அன்று கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆறு வாரங்கள் கழிவதற்குள் குஜராத்தின் அறிவிப்பு வந்தது! பிரம்மபுத்திராக் கரையில் ஒரு முழக்கோலும் சபர்மதிக் கரையில் வேறொரு முழக்கோலுமா? அஸ்ஸாமில் அளந்த கோலைக் கொண்டே எல்லா இடத்தும் அளவுங்கள் என்பதற்குமேல் நாம் கேட்பது ஒன்றுமில்லை.

'கீதை மத நூலன்று. வாழ்வியல் தத்துவம்' என்று இதற்கு மறுமொழி கூறுவர். நாள்தோறும் விளக்கேற்றி அதைப் பாராயணம் செய்யும் ஓர் இந்துப் பெரியவரிடம் சென்று, 'ஐயா, இது உங்கள் சமய நூலன்று' என்று இவர்கள் சொல்லத் துணிவார்களா? சட்டத்தின் வாயிலைக் கடப்பதற்காக ஒரு வேதத்தின் புனிதத்தை வாயிற்படியில் கழற்றி வைக்கச் சொல்வது அந்த வேதத்துக்குச் செய்யும் மரியாதை அன்று. வெறும் தத்துவம் என்றால் அதற்குரிய இடம் வகுப்பறை. அங்கே மாணவன் எழுந்து நின்று, 'இக்கருத்து எனக்கு உடன்பாடன்று' என்று சொல்லலாம். இறைவணக்கத்தில் அவ்வாறு சொல்ல முடியுமா?

'விருப்பமில்லாத பிள்ளை ஒதுங்கி நிற்கட்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை' என்பர் இன்னும் சிலர். இச்சமாதானத்தின் தரத்தை அமெரிக்க நாட்டு வழக்கொன்று காட்டிவிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில், பள்ளி தொடங்குமுன் பைபிளிலிருந்து குறைந்தது 10 வசனங்கள் நாள்தோறும் வாசிக்கப்பட வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1956 இல் ஆபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லெரி ஷெம்ப் என்னும் 16 வயது மாணவன் அதை எதிர்த்தான். அவன் முஸ்லிம் அல்லன். யூனிட்டேரியன் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆயினும் பைபிள் வாசிக்கப்பட்ட வேளையில் அவன் கையில் வைத்து மௌனமாகப் படித்தது திருக்குர்ஆன் பிரதியொன்றை! அவன் தலைமையாசிரியரின் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டான்.

வழக்கு வளர்ந்தது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் விலகியிருக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாறு எழுதிக் கொடுக்க அந்தத் தந்தை இசையவில்லை. தம் பிள்ளைகள் மற்றவர்களால் விநோதப் பிறவிகளாகப் பார்க்கப்படுவார்கள் என்பதை அவர் நீதிமன்றத்தில் காரணமாகக் கூறினார். 1963 ஜூன் 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. விலகிக்கொள்ள வழியுண்டு என்பதனால் அரசின் செயல் நியாயமாகிவிடாது என்றும் கூறியது. கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் பைபிளைப் பற்றி வழங்கப்பட்ட தீர்ப்பு இது என்பதை நம் நாட்டின் பெரும்பான்மைவாதிகள் எண்ணிப் பார்த்தல் நலம்.

வகுப்பே கண்மூடிக் கைகூப்பி நிற்க, தாழ்வாரத்தில் தனியே நிற்கும் 11 வயதுச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆயினும், 'இப்பள்ளி அவர்களுடையது; நாம் இடையில் வந்தவர்' என்னும் பாடத்தை அவள் அன்றே கற்றுக்கொள்கிறாள். எந்தப் பாடநூலும் பிறகு அதை அழித்துவிட முடியாது.

இனி, நம் சமுதாயத்தாரிடமும் ஒரு சொல். 'கீதையை வைத்தால் குர்ஆனையும் வைக்கட்டும்' என்று நம்மில் சிலர் கோருகின்றனர். கேட்பதற்கு இது சமநீதிபோல் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் நாம் கேட்கக் கூடாத வரம் இது. நாம் ஒளுச் செய்து தொடும் திருமறையை மதிப்பெண்ணுக்கும் மனப்பாடத்துக்கும் உரிய பண்டமாக்க நமக்குச் சம்மதமா? எந்த வசனத்தை எடுப்பது, எதை விடுப்பது, எவருடைய மொழிபெயர்ப்பைக் கொள்வது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் உரிமையை அரசு அலுவலர்களிடம் ஒப்படைக்கப் போகிறோமா? இன்று பாடம் வைக்கும் கை நாளை அதைத் திருத்தவும் செய்யும். மேலும், நம் பிள்ளை கீதையை ஓத நேர்வதில் நாம் காணும் குற்றம், இந்துப் பிள்ளை குர்ஆனை ஓத நேர்வதிலும் உண்டன்றோ? நிர்ப்பந்தத்தால் நாவில் ஏறுவது ஈமான் ஆகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. நமக்கு ஒரு நீதி, அவர்க்கு ஒரு நீதி என்பது நமக்கு ஆகுமானதன்று.

எனின், சமய நூல்களின் நிழலும் பள்ளியில் விழலாகாது என்று கூறுவோரின் அணியில் நாம் சேரவில்லை. அது மறுகோடித் தவறு. சமய இலக்கியத்தை நீக்கிவிட்டால் தமிழில் எஞ்சுவது எவ்வளவு? தமிழ்நாட்டின் தமிழ்ப் பாடநூல்களில் கம்பராமாயணமும் பெரியபுராணமும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் பாடங்களாக இருந்து வந்துள்ளன. உமறுப்புலவர் சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை ஆறு பாயும் மருத நிலமாகப் பாடினார். பாலைவனத்தில் நெல்வயல் எப்படி வந்தது என்று ஓர் இந்து மாணவன் வினவினால், அவனுக்குத் தமிழ்க் காப்பிய மரபு முழுவதும் விளங்கத் தொடங்கும். அவன் அதற்காகக் கலிமாச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் தோய்ந்து பேசியும் எழுதியும் வந்தார். அதனால் அவருடைய இஸ்லாம் குன்றிவிடவில்லை. படித்தல் இத்தகையது.

சட்டமும் கல்வியாளர்களும் கூறுவது இதுவே. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, ஒரு சமயத்தைப் போதிப்பதையும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டியது. முன்னது அரசுப் பள்ளிக்கு உரியதன்று. பின்னது பல சமயத்தார் வாழும் நாட்டுக்குத் தேவையானது என்றது. 2002 இல் அருணா ராய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இப்பாகுபாட்டை ஏற்றது. எல்லாச் சமயங்களைப் பற்றியும் நடுநிலையோடு கற்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் உயர்த்தி, மந்திரமாக உச்சரிக்கச் செய்வதே தடை செய்யப்பட்டது.

நாம் பிறரிடம் கேட்கும் இந்நியாயம் நம் வீட்டிலும் செல்லுபடியாக வேண்டும். முஸ்லிம் அறக்கட்டளைகள் அரசு உதவியோடு நடத்தும் பள்ளிகளில் மற்றச் சமயத்துப் பிள்ளைகள் ஏராளமாகப் பயில்கின்றனர். நம் மார்க்க வகுப்பில் அவர்கள் பெற்றோர் இசைவின்றி ஒரு நாளும் அமர்த்தப்படலாகாது. அவ்வேளையில் அவர்கள் வெறுமனே தாழ்வாரத்தில் நிறுத்தப்படவும் கூடாது. அவர்களுக்கென நல்லொழுக்கப் பாடமோ நூலக நேரமோ ஒதுக்கப்பட வேண்டும். குஜராத்தை நோக்கி விரலை நீட்டுமுன் நம் நிர்வாகிகள் இதைச் செய்து முடிக்கட்டும்.

ஓதக் கற்பிப்பது பெற்றோரின் கடமை. அதை அரசின் தலையில் கட்ட வேண்டாம். மஹல்லாதோறும் மக்தபுகளைச் செப்பனிடுவோம். உஸ்தாதுக்கு வயிறு நிறையும்படி சம்பளம் கொடுப்போம். பிள்ளைகளுக்கு எழுத்தோடு பொருளும் விளங்கும்படி செய்வோம். அதன்பின், பள்ளிக்கூடத்தில் அவர்கள் கம்பனையும் சீறாவையும் தேம்பாவணியையும், ஏன், கீதையின் கருத்துகளையும்கூட, அறிவுப் பசியோடு படிக்கட்டும். அரசோ, பிள்ளைகள் கூடி நிற்கும் முற்றத்தில் எவருடைய வேதத்தையும் எவர் நாவிலும் திணியாதிருக்கட்டும். குஜராத்தின் அறிவிப்பை நாம் எதிர்ப்பது இதன் பொருட்டே. அதே செயலை நாளை ஒரு முஸ்லிம் அமைச்சர் குர்ஆனைக் கொண்டு செய்ய முற்பட்டாலும், இதே பக்கத்தில் இதே சொற்களால் எதிர்ப்போம்.