ஒட்டுகளையும் வரையுங்கள்

பழைய தேவாலயச் சன்னல்களை வரைகிறவர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. யார்க் நகரில் வார இறுதியில் எங்களோடு வரைய வரும் தோழி ஒருத்தி, தேவதையின் கன்னத்துக்குக் குறுக்கே ஓடிய கறுப்புக் கோட்டை விட்டுவிட்டு வரைந்திருந்தாள். கேட்டால், "தழும்பு மாதிரி இருக்குக்கா, அழகைக் கெடுக்குது" என்கிறாள்.

அந்தக் கோடு என்ன தெரியுமா? 14ஆம் நூற்றாண்டு முதல் இங்கே வெள்ளைக் கண்ணாடியில் வெள்ளிக் கலவை பூசிச் சூளையில் சுட்டு மஞ்சள் வரவழைத்தார்கள். அதனால் வெள்ளை முகமும் மஞ்சள் முடியும் ஒரே துண்டில் அடங்கிவிடும்; நடுவே துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைக்கு வேலை இல்லை. முகத்தில் ஈயம் ஓடினால், கண்ணாடி எப்போதோ உடைந்து யாரோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அமைத்த ஈயத்துக்குத் தடித்த நிப், பிற்கால ஒட்டுக்கு மெல்லிய நிப் என்று நான் பிரித்துப் போடுவேன். மை தண்ணீரில் கரையாததாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே பூசும் நீலமெல்லாம் சேறாகிவிடும்.

வண்ணத்துக்கு வாட்டர்கலர்தான். வெளிச்சம் சாயத்தைக் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வருவதால் கண்ணாடியின் ஒளி ஓரளவாவது கிடைக்கும். வெள்ளை டியூபை மட்டும் திறக்காதீர்கள். திறந்தால் சன்னல் சுவராகிவிடும்.

கேமரா பரவாத காலத்தில் இப்படி வரைந்தவைதான் ஆதாரம். சார்லஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர், 1864இல் இறக்கும்வரை, இங்கிலாந்துக் கண்ணாடிகளை நூற்றுக்கணக்கில் நீர்வண்ணத்தில் நகலெடுத்தார். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அழகுபடுத்தும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வின்செஸ்டர் கல்லூரிச் சிற்றாலயம் சாட்சி. 1820களில் அங்கிருந்த 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியைப் புதுப்பிக்கக் கழற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்ததோ பளபளப்பான நகல்! அசல் பல கைகளுக்குச் சிதறிப்போனது. அதில் சில பகுதிகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

"யார்க் பேராலயத்திலேயே ஒட்டுகளை எடுத்தார்களே?" என்று தோழி மடக்கினாள். உண்மைதான். ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்த கிழக்குப் பெருஞ்சன்னலை 2018இல் சீரமைத்து முடித்தபோது, பிற்கால ஈயம் நிறையக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு பலகத்தையும் பதிவு செய்துவிட்டுத்தான் கைவைத்தார்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வரைகிற நமக்கு அந்தப் பொறுப்பும் இல்லை, உரிமையும் இல்லை.

வரவேற்பறையில் மாட்ட அழகான படம்தான் வேண்டுமா? சொந்தமாக ஒரு சன்னலைக் கற்பனை செய்து வரையுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. கீழே ஊர்ப் பெயரும் ஆலயத்தின் பெயரும் எழுதுவதாக இருந்தால், ஒட்டு, விரிசல், இடையில் செருகிய வெற்றுக் கண்ணாடி எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்து, ஓரத்தில் தேதியையும் போட்டுவிடுங்கள்.