பள்ளத்தை நாடும் குளிர்



சென்ற மார்கழியில் நம் பங்கின் சில குடும்பங்கள் உதகைக்குச் சென்று, காந்தல் குருசடியில் செபித்துத் திரும்பின. அடுத்த ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "சாமி, மேலே போகப் போகக் குளிர் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நாங்கள் தங்கிய வீடு மேட்டில் இருந்தது. அங்கே புல் பச்சையாகவே இருந்தது. கீழே பள்ளத்தில்தான் உப்பைக் கொட்டினாற்போல் பனி படிந்திருந்தது. அது எப்படி?" என்று வினவினான்.

நல்ல வினா. பள்ளியில் அவன் கற்றதும் பிழையன்று. அவன் கண்ணால் கண்டதும் பிழையன்று. பொதுவாக ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஆறு அல்லது ஆறரை டிகிரி அளவில் வெப்பம் குறைகின்றது. உதகை நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இக்கணக்கின்படி சிகரமே இரண்டரை டிகிரி அதிகமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். எனினும் வானம் தெளிந்து, காற்று அடங்கிய பனிக்கால இரவுகளில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களிலேயே உறைபனி முந்திக்கொண்டு படிகின்றது.

காரணம் யாதெனில், கதிரவன் மறைந்தபின் நிலம் தான் பகலில் பெற்ற வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிடுகின்றது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் மூடிக் காக்கும். மேகம் இல்லையெனில் வெப்பம் தடையின்றி வெளியேறும். முதலில் மண்ணும் புல்லும் குளிர்கின்றன. பின்னர் அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமானது. கடல் மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.20 கிலோ, அதே அளவு காற்று 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 1.29 கிலோ. இச்சிறு வேறுபாடே போதும். கனத்த காற்று மலைச்சரிவில் நிலைத்து நிற்க இயலாமல், மழைநீர் ஓடையை நாடுவதுபோல் மெல்ல வழிந்து இறங்குகின்றது. அதன் வேகம் பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகமே. இறங்கிய குளிர், கண்மாயில் நீர் பெருகுவதுபோல் பள்ளத்தில் தேங்குகின்றது. அங்கிருந்த வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து நடுச்சரிவைச் சேர்கின்றது. ஆகவேதான் மேட்டு வீட்டின் புல் பச்சையாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்தார் இதனை நன்கறிவர். உறைபனியில் முதலில் கருகுவன பள்ளத்துச் செடிகளே. சரிவின் குறுக்கே அடர்ந்த வேலி இருப்பின் குளிர்க்காற்று அணைகட்டிய நீர்போல் அதன் மேற்புறத்தில் தேங்கும். வேலியில் வழி விட்டால் வடிந்துவிடும்.

அச்சிறுவனுக்கு இவ்வாறு விடை சொல்லிக்கொண்டிருந்தபோதே என் மனச்சாட்சி என்னை உறுத்தியது. அதனை உங்களிடம் மறைப்பது முறையன்று.

நம் ஆலயத் திருவிழா முடிந்த மறுநாள் மாலை. வாடிய மாலைகள், வண்ணத்தாள் தோரணங்கள், எச்சில் இலைகள், நெகிழிப் பைகள் யாவும் கோவிலின் பின்புறம் குவிந்து கிடந்தன. பொழுது சாய்ந்தபின் அவற்றைக் கொளுத்திவிடுமாறு கோவில்பிள்ளையிடம் நானே சொன்னேன். இரவு ஒன்பது மணிக்கு ஓடையோரத் தெருவிலிருந்து அழைப்பு வந்தது. முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல். நோயில் பூசுதல் அளிக்க வேண்டும் என்றார்கள். விரைந்து சென்றேன். தெரு முழுவதும் புகை, இடுப்பளவில் வேட்டியை விரித்தாற்போல் கிடந்தது. அவருடைய மகள், "சாமி, பொழுது அடைந்ததிலிருந்து அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது. எங்கேயோ யாரோ கொளுத்தியிருக்கிறார்கள்" என்றார். அந்தப் புகையில் கருகிய சாமந்திப்பூவின் வாடை இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. தேவ கிருபையால் அம்முதியவர் தேறினார்.

நம் தாயில்பட்டி மலையூர் அன்று, கரிசல் பூமி. சமதளம்போல் தோன்றினும், ஓடையும் கண்மாயும் உள்ள இடத்தில் பள்ளம் உண்டு. கோவில் மேட்டில் இருக்கின்றது. பகலில் எரித்தால் சூடான காற்றோடு புகை உயர்ந்து கலைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் தரையோரக் காற்று குளிர்ந்துவிடுவதால், புகை சற்றே எழும்பி, கூரையில் முட்டியதுபோல் நின்று, குளிரோடு சேர்ந்து தாழ்ந்த தெருவுக்கு இறங்குகின்றது. அத்தெருவில் குடியிருப்பவர்கள் யார்? மேட்டில் மனை வாங்க வகையற்றவர்கள். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் நாளெல்லாம் மருந்துத் தூசியில் உழைத்து வந்து படுப்பவர்கள்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவில் போபால் நகரில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் நச்சுவாயு கசிந்தது. அது காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானது. குளிர்ந்து அடங்கிய அவ்விரவின் காற்று, அதனை மேலெழ விடாமல் தரையோடு வைத்திருந்தது. ஆலைச் சுவரையொட்டிய குடிசைகளில் உறங்கிய ஏழைகளே முதலில் மடிந்தனர். ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். நம் குப்பைப் புகையை அதனோடு ஒப்பிடவில்லை. ஆயினும் தாழ்ந்த இடத்தில் இருப்பவன்மீதே பாரம் இறங்குகின்றது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

கலிலேயக் கடலை எண்ணிப் பாருங்கள். அது கடல் மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் கீழே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கும் ஏரி. மேட்டு நிலத்தின் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகள் வழியே திடீரென இறங்கும்போது, அங்கே அலைகள் கொந்தளிக்கும். மாலையில் படகேறிய சீடர்களை அத்தகைய புயலொன்று அலைக்கழித்தபோது, ஆண்டவர் எங்கே இருந்தார்? குன்றின்மேல் நின்று கட்டளையிட்டுக் கொண்டிருக்கவில்லை. காற்று வந்து விழும் அந்தப் பள்ளத்தில், அவர்களோடு அதே படகில் இருந்தார். விண்ணகத்தினின்று இறங்கி வந்தவர் அல்லவா அவர்!

ஆகவே இவ்வாண்டு முதல் நம் கோவில் வளாகத்தில் எதனையும் கொளுத்துவதில்லை என்று முடிவு செய்துள்ளேன். இலையும் மாலையும் குழியிலிட்டு உரமாக்கப்படும். தாளும் நெகிழியும் தனித்தனியே பிரித்துக் குப்பை வண்டியில் சேர்க்கப்படும். உங்கள் இல்லங்களிலும் அவ்வாறே செய்யுங்கள். மருந்து பட்ட கழிவையோ, வெடிக்காத பட்டாசையோ எந்நேரத்திலும், எவ்விடத்திலும் கொளுத்தவே கூடாது; அது புகையோடு நிற்பதன்று, உயிரையே வாங்குவது. பிள்ளைகளை அதனருகே விடாதீர்கள்.

அம்முதியவரின் வீட்டிற்குச் சென்று, அன்றையப் புகை கோவிலிலிருந்து வந்தது என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கோவில் புகைதானே சாமி, போகட்டும்" என்றார். அவர் அவ்வளவு எளிதாக மன்னித்தது எனக்கு இன்னும் ஆறுதலாக இல்லை. இந்த மார்கழியில், மேட்டில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் மாலை வேளையில் ஒருமுறை கீழ்த்தெருவரை நடந்து சென்று வருவோமாக.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.