கிளாலி இரவில் அம்புக்குறி இல்லை

பத்திரிகைப் பக்கங்களோடு முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். கணினி விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, அயல்வீட்டுப் பிள்ளைகள் விளையாடும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. ஆகவே, கோண்டாவிலில் இருக்கும் என் தங்கையின் மகன், தானும் நண்பர்கள் இருவரும் ஆக்கிவரும் விளையாட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி மடிக்கணினியை என் முன் வைத்தபோது, மரியாதைக்குக் கேட்கிறான் என்றே எண்ணினேன். விளையாட்டின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘கிளாலி’ என்றான்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு, பூநகரி வழிகள் அடைபட்டிருந்தபோது, குடாநாட்டிலிருந்து வெளியேறவும் திரும்பி வரவும் மக்களுக்கு எஞ்சியிருந்தது கிளாலிக் கடல்நீரேரி. கடற்படையின் கண்ணிற் படாதிருக்க இரவில், விளக்கின்றிப் படகிற் போகவேண்டும். 1993 சனவரியில் இவ்வாறு சென்ற பயணிகள் பலர் அந்த நீரிலேயே கொல்லப்பட்டார்கள். பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலத்தில் நானும் இருமுறை அவ்வழியே கடந்திருக்கிறேன்.

மருமகனின் திரை கண்ணைப் பறித்தது. நான்கு மூலைகளிலும் பனையோலைப் பின்னலைப் போன்ற பொன்னிறச் சட்டங்கள். ஒரு மூலையில் நீரேரியின் வரைபடம். இன்னொரு மூலையில் எரிபொருளின் அளவு. மூன்றாவதில் பயணிகளின் அச்சத்தை அளக்கும் சிவப்புக் கோடு. நடுவே, கரை எங்கே என்று காட்டும் ஒளிரும் அம்புக்குறி. படகும் இருளும் இவற்றிற்கிடையே எஞ்சிய இடத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

“அந்த இரவிலை எங்களுக்கு அம்புக்குறி ஒண்டும் இருக்கேல்லை, தம்பி” என்றேன்.

“அது சரி மாமா. ஆனா ஒண்டும் விளங்காட்டி ஆக்கள் ரண்டு நிமிசத்திலை மூடிப்போட்டுப் போயிடுவினம்” என்றான் அவன்.

இருவர் சொன்னதும் உண்மை. ஆடுபவருக்கும் விளையாட்டின் உலகிற்கும் நடுவே நிற்கும் பொத்தான்கள், அளவுகோடுகள், வரைபடங்கள், எழுத்துகள் ஆகியவற்றையே இடைமுகம் என்கிறார்கள். அது அழகாக இருக்கவேண்டுமா, வேலைக்கு உதவவேண்டுமா என்ற வழக்கு அத்துறையில் இன்னும் தீரவில்லை. எனக்கோ அது பழகிய வழக்கு. பத்திரிகையின் முதற்பக்கமும் ஓர் இடைமுகந்தானே.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்திற்குப் பத்திரிகைத் தாள் வருவது அரிதாயிற்று. பக்கங்கள் சுருங்கின, செய்திகளோ பெருகின. அப்போது பக்க வடிவமைப்புக்குப் பொறுப்பாயிருந்த நான் ‘திறமையாக’ ஒரு காரியம் செய்தேன். எழுத்தின் அளவைக் குறைத்தேன். வரிகளுக்கிடையிலான இடைவெளியை நெருக்கினேன். கட்டங்களையும் வெள்ளை இடங்களையும் ஆடம்பரமென்று கருதி அகற்றினேன். முன்பு இரண்டு பக்கங்களிற் போனது ஒரு பக்கத்தில் அடங்கிற்று. அன்றிரவு பெருமையோடு வீடு திரும்பினேன்.

மறுநாட் காலை முதியவர் ஒருவர் சைக்கிளில் அலுவலகத்திற்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளர்த்தப்படும் என்று கேட்டார். அது முதற்பக்கத்திலேயே இருந்தது. அவருடைய கண்ணுக்கு அகப்படவில்லை. அவர் சென்றபின் நானே பக்கத்தை விரித்துத் தேடினேன். வைத்தவனுக்கே சில கணங்கள் பிடித்தன. அடுத்த நாளிலிருந்து ஊரடங்கு நேரத்திற்கு இடப்பக்க மேல் மூலையில் நிலையான இடம் கொடுத்தோம். அதைச் சுற்றி இரண்டு விரற்கடை வெள்ளை விட்டோம். அதற்காக இரண்டு செய்திகள் வெளியே போயின. ஒருவரும் குறைசொல்லவில்லை. அழகுக்கென்று நான் எண்ணியிருந்த வெள்ளை இடம் உண்மையில் வழிகாட்டும் வேலையைச் செய்துவந்தது என்பதை அன்றுதான் கற்றேன்.

அதே 2006இல் வெளிவந்த ‘டெட் ரைசிங்’ என்ற விளையாட்டிலும் இதே தவறு நேர்ந்தது. அதன் எழுத்துகள் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த உயர்துல்லியத் தொலைக்காட்சிகளுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலான வீடுகளிலிருந்த சாதாரணத் தொலைக்காட்சியில் அவற்றை வாசிக்க முடியாமற் பலர் முறையிட்டார்கள். ஆக்கியவர்களின் மேசையிற் துலக்கமாகத் தெரிந்தது, ஆடியவர்களின் கூடத்திற் புள்ளிகளாகக் கலங்கிற்று. கெட்டிக்காரர்களுக்கும் இது நேரும் என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

நல்ல எடுத்துக்காட்டுகளையும் மருமகன் காட்டினான். 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டில், நாயகனின் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதைத் திரையின் மூலையில் தேடவேண்டியதில்லை. அவன் அணிந்திருக்கும் கவசத்தின் முதுகெலும்பு நெடுக ஒளிரும் கோடே அதைச் சொல்லிவிடுகிறது. 2012இன் ‘ஜேர்னி’யில், பாத்திரத்தின் கழுத்திலுள்ள சால்வையின் நீளமும் ஒளியும் எவ்வளவு பறக்கலாம் என்பதைக் காட்டுகின்றன. யப்பானியரின் ‘பெர்சோனா 5’ இதற்கு நேரெதிர்: சிவப்பும் கறுப்புமாகச் சீறிப்பாயும் எழுத்துகள், ஒரு நிமிடமும் சும்மா இராத பட்டியல்கள். ஆனால் சண்டையின்போது தாக்குதல், தற்காப்பு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான்; பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கித் திரியவேண்டியதில்லை. அத்தனை ஆரவாரத்துக்கும் அடியில் சிக்கனமான ஒழுங்கு இருக்கிறது.

எல்லா விளையாட்டுக்கும் ஒரே அளவுகோல் என்று நான் சொல்லவரவில்லை. நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் ஆடும் பப்ஜியில் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால் ஆட்டம் முடிந்தது. அங்கே பொத்தான்களைத் தம் விரலுக்கு ஏற்ற இடங்களுக்கு நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அழகு கெடுகிறதே என்று எவரும் கவலைப்படுவதில்லை. அது சரியானதே. கதை சொல்லும் விளையாட்டின் நிலை வேறு. 2023இல் ரொறன்ரோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தாயின் சமையற் குறிப்பேட்டில் சில இடங்கள் கறைபட்டு அழிந்துள்ளன. எஞ்சியதை வைத்து இட்லியும் புட்டும் ஆக்கும் முறையை ஆடுபவர் ஊகிக்கவேண்டும். அந்த ஏட்டைத் தெளிவாக அச்சிட்டுத் தந்திருந்தால் வேலை விரைவாக முடிந்திருக்கும். கதையும் அத்தோடு முடிந்திருக்கும். அவ்விளையாட்டு 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

ஆகவே, அழகா பயனா என்று கேட்பதே பிழை. இந்தக் கணத்தில் இவருக்கு என்ன தெரியவேண்டும் என்பது முதற்கேள்வி. அதை அந்த உலகத்துக்குள்ளிருந்தே சொல்லமுடியுமா என்பது அடுத்தது. கிளாலியில் எங்களுக்குத் தெரிந்தவை சில: காலடியில் ஏறும் தண்ணீர், இயந்திரத்தின் ஓசை, பக்கத்தில் இருப்பவரின் மூச்சு. தெரியாதது ஒன்று: கரை எவ்வளவு தூரம் என்பது. அந்த அறியாமைதான் அந்தப் பயணம். அம்புக்குறி வேலைக்கு உதவும். ஆனால் நடந்ததைப் பொய்யாக்கிவிடும். பனையோலைச் சட்டமும் அப்படியே. அழகுதான், ஆனால் அது சுற்றுலாத்துறையின் யாழ்ப்பாணம்.

இன்னொன்று என்னை உறுத்தியது. திரையிலிருந்த சொற்கள் யாவும் ஆங்கிலம். ஏன் என்று கேட்டேன். “தமிழ் எழுத்து உடையுது மாமா, சொல்லும் கட்டத்துக்குள்ளை நிக்குதில்லை” என்றான். எழுதியும் காட்டினான். அக்காலத்து எரிபொருளான மண்ணெண்ணெய் என்ற சொல்லில் இரண்டு கொம்புகளும் தம் எழுத்துக்கு முன்னே நிற்காமற் பின்னே போய் விழுந்திருந்தன. கணினியின் நினைவில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். திரையிற் கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் கடமை. விளையாட்டுகளை ஆக்க உதவும் மென்பொருள்கள் சிலவற்றின் எழுத்து வசதி அதைச் செய்வதில்லை.

இங்கே எனக்கு ஆர். முத்தையா நினைவுக்கு வந்தார். 1886இற் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தவர். 247 எழுத்துகளை ஆங்கிலத்துக்கென்று பிறந்த சிறு பொறிக்குள் எப்படி அடக்குவது? தட்டினாலும் தாளை நகர்த்தாத விசைகளை அவர் பயன்படுத்தினார். குறியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடித்தால் இரண்டும் சேர்ந்து ஓரெழுத்தாகும். கையெழுத்தில் இழைந்து வளையும் இகரக் குறி, பொறியில் எல்லா எழுத்தின்மேலும் ஒரே இடத்தில் விறைப்பாக விழுந்தது. வனப்பிற் சற்று விட்டுக்கொடுத்தார், வாசிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழைக் குறைத்துப் பொறிக்குக் கொடுக்காமல், பொறியைத் தமிழுக்குப் பணியவைத்தார். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கட்டத்துக்குள் நில்லாத சொற்களுக்கும் மொழியிலேயே மருந்திருக்கிறது. ஆங்கிலக் கட்டளையை மொழிபெயர்க்கப் புகுந்தால் ‘விளையாட்டைத் தொடரவும்’ என்று நீளும். தமிழில் ஏவலொருமைக்கு வினையடியே போதும்: தொடர், நிறுத்து, எடு, இறை, திரும்பு. முன்பின் அறியாத வாசகரிடம் அப்படிப் பேசுவது மரியாதையல்ல. ஆனால் ஆடுபவர் தம் படகோட்டிக்கு இடும் கட்டளை அப்படித்தான் இருக்கும். வேகமும் இயல்பும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து கட்டம் போட்டுவிட்டு, தமிழ் அதற்குள் நிற்கவில்லை என்று தமிழைக் குறைசொல்வது எந்த வகை நியாயம்?

சென்ற வாரம் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தான். சட்டங்கள் இல்லை, வரைபடம் இல்லை, அம்புக்குறியும் இல்லை. எழுத்தை ஒழுங்காக வரையும் வழியொன்றை நண்பர்களில் ஒருவர் தேடிப் பிடித்திருக்கிறார். திரையின் அடியில் ‘இறை’ என்று ஒரே ஒரு சொல், கண்ணாடி இல்லாமலே நான் வாசிக்கும் அளவில். படகின் அடியில் நீர் ஏறும்போது அது தோன்றுகிறது. இறைத்து முடிந்ததும் மறைகிறது. மற்றதெல்லாம் இருள்.

இரண்டு தடவை முயன்றேன், கரை சேரவில்லை. எனினும் என்ன செய்யவேண்டும் என்று ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவன் இன்னும் சிலரிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்; முக்கியமாக, கிளாலியை அறியாதவர்களிடம். அவர்களும் இரண்டு நிமிடத்தில் மூடாமல் இருந்தால், அந்த இருளை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.