தட்டுறதுக்கு என்ன வெக்கம்?

பிரேசிலிய ஜூஜித்சுவில் முதல் பாடம் அடி இல்லை, தட்டுறது. பூட்டு இறுகினால் எதிராளியின் உடம்பில் தட்டவேணும்; உடனே விட்டுவிடுவார்.

1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் மசாஹிகோ கிமுரா கையை முறுக்கியபோது, 38 வயது எலியோ கிரேசி தட்டவேயில்லை. அண்ணன் கார்லோஸ்தான் போட்டியை நிறுத்தவைத்தார். அந்தப் பூட்டுக்கு இண்டைக்கும் கிமுரா எண்டுதான் பேர். எலியோவின் பிடிவாதத்தை வீரம் எண்டு கொண்டாடுறாங்க. நாங்கள் கொண்டாடமாட்டோம்.

உப்புவெளியில் கரைவலை இழுக்கிறவருக்கும், ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாத்துறவருக்கும் கைதான் சம்பளம். முப்பது வயசில் வெள்ளைப் பட்டி கட்டுற அக்காவும் அண்ணாவும், பத்தொன்பது வயசுப் பொடியனிட்டத் தாராளமாத் தட்டட்டும், ஒரு பின்னேரத்தில் பத்துத் தரமெண்டாலும். கபடியில் தோத்தாலே மூண்டு நாள் முகம் குடுக்காத ஊரில இது லேசில்லைதான். ஆனா விடிஞ்சா வேலை இருக்கே!