சாவிக்கொத்து மருந்தாகுமா?

பஸ் நிலையத்திலோ மில் வாசலிலோ ஒருவர் வலிப்பு கண்டு விழுந்தால் உடனே நாலு பேர் ஓடி வருகிறார்கள். அந்த உள்ளத்தைப் பாராட்டுகிறோம். ஆனால், ஓடி வந்தவர்கள் செய்வதென்ன? "இரும்பைக் கொடு, சாவியைக் கொடு!" என்ற கூச்சல்தான். வீட்டிலே குழந்தைக்கு வந்துவிட்டாலோ, சாவிக்கொத்தோடு கரண்டியும் சேர்ந்துகொள்கிறது. பல்லை நெம்பித் திணிக்கிறார்கள், தண்ணீரை ஊற்றுகிறார்கள். சூடு போடும் கொடுமையும் உண்டு.

சாவி பிடித்ததும் நின்றதே, கண்ணால் கண்டோமே என்பார்கள். நிற்கிறது, உண்மைதான். மூளையின் நரம்பணுக்களிலே மின்னோட்டம் திடீரென்று தறிகெட்டுப் பாய்வதுதான் வலிப்பு. பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து வந்து கையில் திணிப்பதற்கும் அத்தனை நேரந்தானே ஆகிறது! அடங்கியது வலிப்பு, பேர் வாங்கியது இரும்பு. கத்தரிக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றுதான் இருக்கும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. கண் செருகி, கைகால் வெட்டி இழுப்பதைக் காணும் தாய், பிள்ளை போய்விட்டதென்றே அலறுகிறாள். அலறாமல் என்ன செய்வாள்? ஆனால் இவ்வகை வலிப்பு பெரும்பாலும் மூளையைக் கெடுப்பதில்லை. கெடுதல் செய்வது நம் கைதான். கரண்டியால் பல் உடைகிறது. ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்குகிறது.

காய்ச்சலின்றித் திரும்பத் திரும்ப வருவது, காக்காய் வலிப்பு என்று ஊரார் சொல்லும் கால்கை வலிப்பாக இருக்கலாம். அது பேயுமல்ல, ஒட்டுவாரொட்டியுமல்ல. முறையாக மருந்து தின்றால் பத்துக்கு ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருந்தும், 'பெண்ணுக்கு வலிப்பாம்' என்ற பேச்சுக்கு அஞ்சி மாத்திரையையே நிறுத்துகிறார்கள். அஞ்சாமல் எப்படி இருப்பார்கள்? 1976ல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி, அடிக்கடி வலிப்பு காண்பவர் மணத்துக்குத் தகுதியற்றவர் என்றே எழுதி வைத்தார்களே! 1999ல்தான் அதை நீக்கினார்கள். சட்டப் புத்தகத்தில் நீங்கியது, சம்பந்தம் பேசும் திண்ணையில் நீங்கிற்றா?

தோழர்களே! நம் படிப்பகங்களின் கரும்பலகையில், சங்க அலுவலக வாசலில் இதை எழுதி வையுங்கள். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிஷம் தாண்டினாலும், விட்டு மீண்டும் வந்தாலும் 108க்குச் சொல்லுங்கள். முதல் தடவை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். மூளைக்காய்ச்சலும் வலிப்பாய்த் தலைகாட்டக்கூடும். சாவிக்கொத்து ஆணியிலேயே தொங்கட்டும்.