வாங்கும் கை

இந்த வாரம் பழைய புதுச்சேரிக் கதை ஒன்று எழுதுவதாக இருந்தேன். ஆனால் கார்த்திகையில் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. என் மனைவிக்குக் கண்புரை அறுவைக்கு அன்று காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். "முசே, உங்க வண்டியைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். தெருப் பக்கம் இருந்த இரண்டு சக்கரங்களும் இல்லை. வண்டி செங்கல் அடுக்கின் மேல் சாய்ந்து நின்றது. அந்தச் செங்கலும் என்னுடையதுதான். மதில் பூச வாங்கி வாசலில் அடுக்கி வைத்திருந்தேன். திருட வந்தவர்களுக்கு நானே முட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. சுவரோரம் இருந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் தப்பின. சுவருக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு சாண்தான் இடைவெளி. அதில் ஸ்பேனரைச் சுற்ற முடியாது.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதுங்க. மழைத் தண்ணி தகரத்துல விழுதுன்னு நினைச்சேன்." எனக்கும் கேட்டிருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் காது தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்கிறது.

மதியம் மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார். கெட்டிக்காரப் பையன். என் வண்டியைப் பார்த்ததும் நேராகத் தெருவில் நடந்து, நின்றிருந்த மற்ற வண்டிகளின் சக்கரங்களையும் கையால் தொட்டுப் பார்த்தார். மூன்று வீடு தள்ளி நின்ற ஒரு காரில் பின்சக்கரத்தின் நான்கு நட்டுகளும் கையாலேயே சுழன்றன. கழற்ற ஆரம்பித்து, நாய் குரைத்ததோ என்னவோ, விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் அன்று மழை விடுமுறை என்பதால் வண்டியை எடுக்கவில்லை. இல்லாவிட்டால் காலையில் பேரப்பிள்ளைகள் இருவரைப் பள்ளிக்கு அதில்தான் அழைத்துப் போயிருப்பார். சக்கரத் திருட்டைச் சில்லறைத் திருட்டு என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எடுத்துப்போன சக்கரத்தால் நஷ்டம் பணத்தோடு முடிகிறது. பாதி கழற்றிவிட்டுப் போன சக்கரம் உயிரைக் கேட்கும்.

பிறகு கணக்குப் பார்த்தேன். குமாஸ்தாவாக முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு தள்ளியவன். கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திருட்டுக்கு ஒரு காசு வராது. எனக்கு முழுக் காப்பீடு உண்டு. ஆனால் டயருக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். 1,500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து ஆண்டுகள் எதுவும் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைத்துவந்த 50 சதவீதத் தள்ளுபடி, ஒருமுறை கை நீட்டினால் போய்விடும். கூட்டிக் கழித்தால் கேட்காமல் இருப்பதே மேல் என்று வந்தது. புது டயரோடு இரண்டு அலாய் சக்கரம் 18,000 ரூபாய்க்கு மேல். ஓய்வூதியக்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்போதுதான் இன்னொருவர் வந்தார். பெயர் வேண்டாம். பழைய உதிரி பாகம் வாங்கி விற்பவர். "ஐயா, உங்க வண்டிக்கே பொருந்தற மாதிரி ஒரு ஜோடி வருது. டயரோட 7,000 குடுங்க. பில்லு கிடையாது" என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க" என்றார்.

யோசித்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தேன். 11,000 ரூபாய் மிச்சம். "என் பொருள் போச்சு, யாரோ ஒருத்தர் பொருள் வருது, கணக்கு நேராயிடுச்சு" என்று மனம் ஒரு நியாயம் பேசியது. எவ்வளவு சுலபமாகப் பேசியது என்பதுதான் ஆச்சரியம்.

அன்று இரவு, அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். தினமும் டிக்தே உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ஒருநாள் ஒரு பழமொழி சொன்னார். "ரெசலேர் இல்லாவிட்டால் வொலேர் இல்லை" என்பது அதன் பொருள். வொலேர் என்றால் திருடன். ரெசலேர் என்றால் திருட்டுப் பொருளை வாங்கி மறைத்து வைப்பவன். அந்த ரெசலேருக்கு நான் எழுத்துப் பிழை விட்டேன். ஐம்பது முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஆகவே அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை வெறும் பழமொழியாக விட்டுவிடவில்லை. 1810 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைப்பவனைக் குற்றத்துக்கு உடந்தையானவன் என்றே எழுதி வைத்தார்கள். நம் நாட்டுச் சட்டமும் சளைத்ததல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411 ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 317 ஆம் பிரிவு. தெரிந்தே வாங்கினாலும் குற்றம், திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாதுங்க" என்பது எல்லா நேரமும் செல்லாது. பாதி விலை, பில் இல்லை, கேட்டால் பதில் இல்லை: நம்பக் காரணம் என்றால் வேறென்ன?

இவ்வளவு சட்டம் பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்டால், இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1978. வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் ஒரு சைக்கிள். அதில் டைனமோ விளக்கு. அந்தக் காலத்தில் இரவில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார் என்பது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒருநாள் சினிமா முடிந்து வெளியே வந்தால் டைனமோவைக் காணோம். புதிது வாங்கக் கையில் காசில்லை, மாதக் கடைசி. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் போனேன். பாதி விலைக்கு ஒன்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து சக்கரத்தோடு பொருத்தும்போதுதான் கவனித்தேன். அடிப்பாகத்தில் ஆணியால் இரண்டு எழுத்து கீறியிருந்தது. அதன் மேல் அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தேய்த்தது சரியாகத் தேயவில்லை. யாரோ ஒருவர், தன் பொருள் தொலைந்தால் அடையாளம் காட்டலாம் என்று உட்கார்ந்து கீறிய எழுத்து அது.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனாலும் பொருத்தினேன். பதினோரு வருஷம் அந்த வெளிச்சத்தில்தான் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு நாளும் அந்த இரண்டு எழுத்துக்காரர் யார் என்று விசாரிக்கவில்லை. என் டைனமோவைத் திருடியவனை மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்த 7,000 ரூபாய்ச் சக்கரத்தை வேண்டாம் என்றேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்பதற்காக இல்லை. இன்னொருவர் வீட்டு வாசலில், ஒருவேளை அறுவைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு அம்மாவுக்காக நின்ற வண்டி, செங்கல் மேல் நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைத் திருடுகிறவன் அதைத் தன் வீட்டில் அலங்காரத்துக்கு மாட்டப் போவதில்லை. விற்கத்தான் எடுக்கிறான். வாங்க நம்மைப் போன்ற கௌரவமான ஆட்கள் இருக்கிறோம் என்ற தைரியத்தில் எடுக்கிறான். பூட்டும் காமிராவும் வேண்டும்தான். ஆனால் வாங்கும் கை இருக்கும்வரை எந்தப் பூட்டும் நிலைக்காது.

வாடகை வண்டி ஓட்டுகிறவர் எல்லாவற்றுக்கும் புதிதுதான் வாங்க வேண்டும் என்றால் எப்படி என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய சக்கரம் விற்பது குற்றமில்லை. நேர்மையாக விற்பவர்கள் எத்தனையோ பேர். நான் கேட்பது ஒரே ஒரு தாள். யார் விற்றது, எந்த வண்டியிலிருந்து கழற்றியது, தேதி, கையெழுத்து. அடகுக்கடைக்காரர் கணக்கேடு வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா? பழைய சக்கரம் வாங்கி விற்கும் கடைக்கும் அப்படி ஓர் ஏடு கட்டாயம் ஆனால் என்ன கெட்டுவிடும்? அதுவரை நாமாவது தாள் கேட்போம். தாள் தர மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பி வருவோம்.

இனி, என் செலவில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு இலவசம்.

சாதாரண நட்டை யார் வீட்டு ஸ்பேனரும் கழற்றும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் மாற்றிப் போடும் திருட்டுத் தடுப்பு நட்டு கிடைக்கிறது. அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது இல்லாமல் சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து எனக்கு 1,600 ரூபாய் ஆயிற்று. உடைக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து இறக்கித் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரமும் சத்தமும் ஆகும். திருடனுக்கு வேண்டாதவை அவை இரண்டும்தான்.

அந்தச் சாவியை ஜாக்கியோடும் ஸ்பேனரோடும் ஒன்றாக வைக்காதீர்கள். வண்டிக்குள் வேறோர் இடத்தில் வையுங்கள். வீட்டில் வைத்தால் வழியில் பஞ்சர் ஆகும்போது நடுத்தெருவில் நிற்க வேண்டும். பஞ்சர் கடையில் கொடுத்தால் மறக்காமல் திரும்ப வாங்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் முறுக்க விடாதீர்கள். சாவியின் பல் போய்விடும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

தெருவில் நிறுத்துவதானால் ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பாதிச் சக்கரத்துக்கு அதுவே காவல். சாதாரண அலாரம் கதவைத் திறந்தால்தான் கத்தும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் சும்மா இருக்கும். வண்டி சாய்ந்தால் கத்துகிற அலாரம் தனியாக இருக்கிறது. வாசலில் செங்கல், கருங்கல் குவித்து வைக்காதீர்கள். பளபளக்கும் அலாய் சக்கரம் வேண்டுமா என்றும் யோசியுங்கள். மகன் பிரான்சிலிருந்து வந்தபோது ஆசையாகப் போட்டுக்கொடுத்தான். இரும்புச் சக்கரமாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2321 என்றால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்த டயர். அதைக் குறித்து வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் வண்டி எண்ணைப் பொறித்துவிட்டால் இன்னும் நல்லது. புகார் கொடுக்கும்போது "ரெண்டு சக்கரம் போச்சுங்க" என்பதற்கும், எண்ணோடு எழுதிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு முதல் நாள் அந்த எண் தெரியாததால் பட்ட அலைச்சல் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி வந்து நட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. ஓட்டும்போது கடகடவென்று புதுச் சத்தம் வந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

போன வாரம் என் புதுச் சக்கரங்களின் உட்புறத்தில் வண்டி எண்ணைப் பொறிக்கச் சொன்னேன். மெக்கானிக் தம்பி கருவியை வைத்துப் பொறிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். 1978 இல் என் கைக்கு வந்த டைனமோவின் இரண்டு எழுத்தும் கண் முன்னால் வந்தன. அந்த எழுத்துக்காரர் இன்று இருந்தால் என்னைவிட மூத்தவராகத்தான் இருப்பார். ஒருவேளை இதைப் படிக்கிறவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஐயா, உங்கள் விளக்கு என்னிடம்தான் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.